தெட்ஃபோர்டு மோதிரங்கள்: ஆறு மாதம் ஒரு விஷயமே இல்லையா?

நீலக்கல்: "ரோமானிய நகை மண்ணில் மட்குவதைவிடச் சேகரிப்பவர் அலமாரியில் இருப்பதே அதற்கு மரியாதை" என்று பழையகாசு நேற்று எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இங்கிலாந்தின் தெட்ஃபோர்டில் 1979 நவம்பரில் ஒருவர் ரோமானியர் காலத்து 22 தங்க மோதிரங்களைத் தோண்டி எடுத்தார். விஷயம் வெளியே வர ஆறு மாதம் ஆனது. அதற்குள் அந்த இடத்தில் கட்டடம் எழும்பிவிட்டது. பக்கத்தில் என்ன கிடந்தது, ஏன் புதைத்தார்கள், எல்லாம் போச்சு. இதுவா மரியாதை?

பழையகாசு: 1600 வருஷம் கிடந்ததுக்கு ஆறு மாதம் ஒரு கணக்கா? அவர் எடுக்காவிட்டால் புல்டோசர் அள்ளியிருக்கும். பிரிட்டிஷ் மியூசியத்தில் அந்தக் கணையாழிகளை இன்று பார்க்க முடிகிறதென்றால் யாரால்?

நீலக்கல்: ஆறு மாதம்தான் கணக்கு! 1992இல் இங்கிலாந்தின் ஹாக்ஸன் கிராமத்தில் எரிக் லாஸ் என்பவர் தொலைந்த சுத்தியலைத் தேடப் போய்ப் புதையலைக் கண்டார். முழுசாகத் தோண்டாமல் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியலாளர்கள் இறங்கினார்கள். மரப்பெட்டிக்குள் நகைகளை எப்படி அடுக்கியிருந்தார்கள் என்பதுவரை தெரிந்தது.

குறிஞ்சி: கணையாழி என்றால் முத்திரை மோதிரம். தெட்ஃபோர்டு மோதிரம் ஒன்றில் இரண்டு பறவைகள், மரங்கொத்திகள் என்கிறார்கள், ஒரு குவளையைத் தாங்கி நிற்கின்றன. அதை வைத்து எந்த ஓலைக்கு முத்திரை குத்துவது?

பழையகாசு: சொல்லாராய்ச்சி வேண்டாம் குறிஞ்சி. போன வருஷம் என் வெண்கல மோதிரத்தைப் போலி என்றீர்களே, அதை நான் மறக்கவில்லை.

குறிஞ்சி: விரல் பட்டு வழவழப்பாகியிருக்க வேண்டிய உட்பக்கம் முழுக்க ஊசிமுனைக் குழிகள், அச்சில் வார்த்த போலியில் வருவதுபோல. லென்ஸில் பார்த்ததைச் சொன்னேன்.

பழையகாசு: ரோமானியர்களும் வார்த்தவர்கள்தான்! அது கிடக்கட்டும், இங்கிலாந்தின் மிடில்ஹாம் பதக்கத்தைப் பாருங்கள். நீலக்கல் பதித்த 15ஆம் நூற்றாண்டுத் தங்கம். 1985இல் மெட்டல் டிடெக்டரோடு தேடிய ஒருவர் கண்டெடுத்தார். 1986 ஏலத்தில் 13 லட்சம் பவுண்டுக்குத் தனியார் கைக்குப் போனது. மட்கியா போச்சு?

நீலக்கல்: தங்கம் எங்கே மட்கும்? யார்க்‌ஷயர் மியூசியம் அதைத் திரும்ப வாங்க 25 லட்சம் பவுண்டு கொடுத்ததே, அதையும் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஈரோட்டான்: ஏலத்தில் ஒரு மெரோவிஞ்சியன் புரோச் (பழைய பிராங்க் மன்னர்கள் காலத்து ஆடை ஊசி) வருகிறது. வாங்கலாமா?

நீலக்கல்: எங்கே கண்டெடுத்தது என்று போட்டிருக்கிறதா? இல்லையென்றால் தொடாதீர்கள். இங்கிலாந்தின் 1996 புதையல் சட்டத்தில், கண்டெடுத்தவர் 14 நாளுக்குள் சொல்லியாக வேண்டும் என்று வைத்தது எதற்கு? ஆறு மாதம் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவர்கள் அவர்கள்.

பழையகாசு: 1979இல் அந்தச் சட்டமே கிடையாது.

நீலக்கல்: புதையலை அறிவிக்க வேண்டும் என்ற கடமை அப்போதும் இருந்தது. ஆறு மாதம்!

பழையகாசு: என் மோதிரத்தின் உட்பக்கத்தை இன்று ராத்திரி புதிதாகப் படம் எடுத்துப் போடுகிறேன். குறிஞ்சி, தயாராக இருங்கள்.