புதுக் கொயிலும் கருகிவிட்டது, கொன்டாக்டர் இரைச்சல் நிற்கவில்லை: எங்கே பார்ப்பது?

உப்புவெளி பயிலுநர்:
வணக்கம். என்விகியூ (தொழில் தகைமை) மட்டம் 3 படித்துக்கொண்டே ஒரு அண்ணாவோடு வயரிங் வேலைக்கும் போய்வருகிறேன். நிலாவெளியில் கடலோரமாக உள்ள ஒரு விடுதியின் கிணற்றுப் பம்புக்கு மூன்று பேஸ் மோட்டர், டிஓஎல் ஸ்டாட்டர் (மோட்டரை நேரடியாக மெயினில் போட்டு ஓடவிடும் பெட்டி). ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் கொன்டாக்டர் (கொயிலின் காந்தத்தால் மேல் இரும்பைக் கீழ் இரும்போடு இழுத்து மூடும் சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டரும் ஓடுகிறது, ஆனால் பெட்டிக்குள் ஓயாமல் "ர்ர்ர்" என்று இரைச்சல். கொயில் எரிந்துபோனதால் அதே மொடலுக்குப் புதுசு போட்டோம், அதுவும் சில நாளிலேயே கருகிவிட்டது. என் குழப்பம் என்னவென்றால், அடுத்ததாக வாங்கி வைத்திருக்கிற கொயிலை மல்ரிமீற்றரில் அளந்தால் 600 ஓம் காட்டுகிறது. 230 வோல்ற்றை 600ஆல் பிரித்தால் 0.38 அம்பியர், வலு 88 வாற்று. தீப்பெட்டி அளவு கொயிலுக்குள் 88 வாற்று என்றால் உலகத்தில் இருக்கிற எல்லாக் கொன்டாக்டரும் எரிந்துதானே போக வேண்டும்? வகுப்பில் இருக்கிறதோ நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தாலும் இளஞ்சூடுதான். கருகுவதற்கு முன் கொயிலுக்குப் போகும் வயர் இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் மீற்றரால் (வயரைச் சுற்றிப் பிடித்து ஓட்டம் அளப்பது) பிடித்தும் பார்த்தேன், பூச்சியம்.

கிண்ணியா வயரிங்:
தம்பி, கொயிலில் என்ன எழுதியிருக்கு, 230ஆ 400ஆ? 400 வோல்ற்றுக் கொயிலை ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் கொடுத்தால் சரியாக இழுக்காது, இரையும். அடுத்தது, மோட்டர் ஸ்டார்ட் எடுக்கிற நேரத்தில் கொயிலின் ஏ1, ஏ2 முனைகளில் வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று பார். குறித்த அளவின் 85 சதவீதத்துக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய 195க்குக் கீழே போனால் ஒழுங்காக மூடும் என்று நம்ப முடியாது. கிளாம்ப் பூச்சியம் காட்டியதில் அதிசயமில்லை, போகிற ஓட்டமும் திரும்புகிற ஓட்டமும் எதிரெதிர், இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு வயரை மட்டும் பிடி. ஓட்டம் சின்னதாக இருந்தால் அந்த வயரையே மீற்றரின் வாய்க்குள் பத்துச் சுற்றுப் போட்டு, வருகிற எண்ணைப் பத்தால் பிரி.

உப்புவெளி பயிலுநர்:
நன்றி நானா. 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்றுதான் இருக்கிறது. அடுத்த கொயிலைப் போட்டுக் கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டோம். ஏ1, ஏ2இல் 226, ஸ்டார்ட் நேரம் 215. பத்துச் சுற்றில் 1.4 வந்தது, அப்படியென்றால் 0.14 அம்பியர். இந்த அளவுக் கொன்டாக்டருக்கு 0.03 அளவில்தான் வர வேண்டும் என்று சேர் சொல்கிறார்.

மூதூர் ரிவைண்டிங்:
வோல்டேஜில் பிழை இல்லை. 600 ஓம் என்பது செம்புக் கம்பியின் தடை மட்டும், மல்ரிமீற்றர் தன் பற்றரியின் நேரோட்டத்தால் அளப்பது அதைத்தான். ஆடலோட்டம் கொடுத்தால் காந்தப்பாயம் (இரும்புக்குள் போகும் காந்தப்புலத்தின் அளவு) ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அந்த மாற்றம் அதே கொயிலின் சுற்றுகளிலேயே மின்னியக்க விசையைத் தூண்டும், லென்சின் விதிப்படி அது ஓட்டத்தின் மாற்றத்துக்கு எதிராக நிற்கும். 1831இல் பரடே கண்டுபிடித்த தூண்டல்தான் இது, நீங்கள் வகுப்பில் காந்தத்தைக் கொயிலுக்குள் தள்ளிக் கல்வனோமானி அசைவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல கொன்டாக்டரில் ஓட்டத்தைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் இரும்புப் பாதை முழுதாக மூடியிருந்தால்தான் இந்த எதிர்ப்பு பெரிதாக வரும், நடுவில் காற்று இடைவெளி இருந்தால் விழுந்துவிடும். அதனால்தான் சின்னக் கொன்டாக்டர் இழுக்கிற கணத்தில் 60, 70 வோல்ற்-அம்பியர் எடுத்து, மூடிய பிறகு 7, 8இல் நிற்கிறது. 7ஐ 230ஆல் பிரித்தால் உங்கள் சேர் சொன்ன 0.03 அம்பியர் அதுதான்.

இங்கே 0.14 என்றால் மேல் இரும்பு கீழ் இரும்போடு ஒட்டவே இல்லை. ஓட்டம் நான்கரை மடங்கு, கம்பியில் சூடு அதன் வர்க்கம், 20 மடங்குக்கு மேல். எத்தனை கொயில் போட்டாலும் கருகும், கடைக்காரருக்குத்தான் லாபம். மெயினை நிறுத்தி, யாரும் போடாதபடி பூட்டி, டெஸ்டரை மட்டும் நம்பாமல் மீற்றரால் மூன்று பேஸும் செத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு கொன்டாக்டரைப் பிரியுங்கள். இரும்பின் முகத்தில் துரு இருக்கிறதா, அங்கே பதித்திருக்கிற செம்பு வளையம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சீனன்குடா பம்ப் வேலை:
இரும்பு முகத்துக்கு அரம் போட்டு, கொஞ்சம் கிறீஸ் பூசி மூடுங்கள், சத்தம் போய்விடும். வாடைக் காலத்தில் நான் செய்வது அதுதான்.

மூதூர் ரிவைண்டிங்:
அண்ணா, இரண்டுமே வேண்டாம். கிறீஸ் தூசியையும் மணலையும் பிடிக்கும், பிறகு ஒட்டிக்கொண்டு விடாது. அரம் அதைவிட மோசம். இ வடிவ இரும்பில் நடுக்கால் வேண்டுமென்றே ஒரு மயிரளவு குட்டையாக இருக்கும், மூடியபோதும் அங்கே சிறு இடைவெளி மிஞ்சும். பக்கக் கால்களை அராவினால் அந்த இடைவெளி போய்விடும், கறண்டை நிறுத்தினாலும் மிச்சக் காந்தத்தில் இரும்பு ஒட்டியபடியே நிற்கும். ஸ்டொப் பட்டனை அழுத்தியும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்? மெல்லிய துரு என்றால் உலர் துணியால் துடையுங்கள், அவ்வளவுதான்.

உப்புவெளி பயிலுநர்:
பிரித்துப் பார்த்தோம். இரண்டு பக்கக் காலிலும் வளையம் இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றில் விரிசல், மற்றதில் பாதியைக் காணவே இல்லை. விழுந்த துண்டு இரும்புகளுக்கு நடுவில் நசுங்கிக் கிடந்தது. துருவும் நல்லாக ஏறியிருக்கிறது. இந்த வளையம் எதற்கு? ஒரு வயரோடும் தொடுப்பு இல்லையே, ஈயம் வைத்து ஒட்டிவிடலாமா?

மூதூர் ரிவைண்டிங்:
பிடிபட்டது. 50 ஹேர்ட்ஸில் காந்தப்பாயம் ஒரு செக்கனுக்கு 100 தரம் பூச்சியத்தைத் தொடும். அந்தக் கணங்களில் இழுவிசை இல்லை, ஸ்பிரிங் தள்ளும், மறுபடி இழுபடும், அதுதான் இரைச்சல். வளையத்துக்கு வயர் தேவையில்லை, டிரான்ஸ்போமரின் ஒற்றைச் சுற்றுச் செக்கண்டரி மாதிரி அதற்குள் தூண்டலாலேயே ஓட்டம் வரும். அந்த ஓட்டம் தான் சுற்றியிருக்கிற பகுதியின் பாயத்தைப் பிந்தச் செய்யும், ஆகவே மற்றப் பகுதி பூச்சியத்தில் இருக்கும்போது இது இழுத்துக்கொண்டிருக்கும். விரிசல் விழுந்தால் சுற்று திறந்துவிட்டது, ஓட்டமும் இல்லை, வளையம் இருந்தும் இல்லாத மாதிரித்தான். ஈயம் நிற்காது, அடியும் சூடும் மாறி மாறி விழுகிற இடம் அது. கொன்டாக்டரையே மாற்றுங்கள்.

கிண்ணியா வயரிங்:
வாங்கும்போது மோட்டர் தகட்டில் உள்ள அம்பியரைப் பார்த்து, ஏசி-3 அளவு (மோட்டர் ஓட்டுவதற்கென்று கொன்டாக்டரில் குறித்திருக்கும் அம்பியர்) அதற்குக் குறையாமல் எடு தம்பி. ஓவர்லோட்டையும் (ஓட்டம் கூடினால் மோட்டரை நிறுத்துவது) அதே தகட்டோடு ஒத்துப்பார்த்து வை. அப்புறம் பெட்டிக்குக் கீழே கேபிள் நுழைகிற ஓட்டைகளில் கிளாண்ட் (கேபிளை இறுக்கி ஓட்டையை அடைப்பது) போட்டிருக்கா? நிலாவெளிக் காற்று அந்த வழியால்தான் உப்போடு உள்ளே வரும்.