உலையிலிருந்து செம்பழுப்பாக வந்த சில்லு

எலும்புப் புற்றுக்கான காந்தக் கண்ணாடி-செராமிக்கில், அதாவது உள்ளே காந்தப் படிகங்கள் வளர்த்த கண்ணாடியைச் செய்வதில், நான் கழித்த முதல் வருடத்தைப் பற்றிச் சொல்கிறேன். கட்டியை அகற்றிய இடத்தில் சில்லை வைத்தால் அது எலும்போடு ஒட்ட வேண்டும். வெளியிலிருந்து மாறுதிசைக் காந்தப்புலம் கொடுத்தால் சூடேறி, மிச்சமுள்ள புற்றுச் செல்களை 42 முதல் 45 டிகிரி செல்சியஸில் அழிக்க வேண்டும். அந்தச் சூட்டைத் தருவது உள்ளே வளரும் மாக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடின் படிகங்கள்.

கண்ணாடியை உருக்கி ஊற்றியபோது நல்ல கறுப்பு. படிகம் வளர்க்கத் திறந்த உலையில் மறுபடி சூடாக்கினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் சில்லு முழுக்கச் செம்பழுப்பு! காந்தத்தை அருகில் கொண்டுபோனேன், அசையவே இல்லை. காற்றின் ஆக்சிஜன் இரும்பை ஹெமடைட்டாக, காந்தத்தில் ஒட்டாத சிவப்பு இரும்பு ஆக்சைடாக, மாற்றியிருந்தது. எந்தப் படிகம் என்று எக்ஸ்-கதிரால் காட்டும் எக்ஸ்ஆர்டி சோதனை எடுத்த பிறகுதான் அந்த நிறத்தின் அர்த்தம் புரிந்தது. அடுத்த முறை உலைக்குள் நைட்ரஜனை ஓடவிட்டேன். சில்லு கறுப்பாகவே வந்தது, காந்தத்தில் டக்கென்று ஒட்டியது. அன்றைய சந்தோஷம் இன்னும் மனசில் இருக்கிறது.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். எலும்போடு ஒட்டுமா என்று பார்க்க, சில்லை 36.5 டிகிரியில், பிஎச் 7.4 உள்ள செயற்கை உடல் திரவத்தில் ஊறவைத்தேன். 1969-ல் லாரி ஹென்ச் உருவாக்கிய, எலும்போடு ஒட்டும் 45எஸ்5 கண்ணாடியையும் ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் வைத்திருந்தேன். அதன்மேல் மூன்று நாளில் அபடைட் படலம் தெரிந்தது; எலும்பில் உள்ள தாதுவைப் போன்ற இந்தப் படலம்தான் ஒட்டுவதற்கு அடையாளம். என் சில்லில் இரண்டு வாரம் ஆகியும் அங்கங்கே புள்ளிகள்தான். சூடு தரும் அதே இரும்பு, கண்ணாடி கரைவதையும் அபடைட் படிவதையும் தடுக்கிறது. இரும்பைக் குறைத்தால் சூடு போதவில்லை. இந்த இழுபறியிலேயே ஒரு வருடம் போய்விட்டது.

---

நானும் அதே இடத்தில் மாட்டியவள்தான். ஊறவைக்கும் புட்டியையும் கவனியுங்கள். கண்ணாடிப் புட்டியின் சுவரிலேயே அபடைட் படிந்து கணக்கைக் கெடுக்கும், அதனால் கீறலில்லாத பிளாஸ்டிக்தான் சரி. சூட்டை அளக்கவும் சாதாரண தெர்மோகப்பிள் வேண்டாம். அதன் உலோகக் கம்பி மாறுதிசைக் காந்தப்புலத்தில் தானே சூடேறும். என் முதல் அளவுகள் அத்தனையும் அப்படித்தான் வீணாயின. ஒளியிழை வெப்பமானிக்கு மாறினேன்.

இரும்புச் சண்டைக்கு நான் கண்ட வழி, இரண்டு வேலையையும் ஒரே கலவையிடம் கேட்காமல் இருப்பது. காந்தத் துகளை நடுவில் வைத்து, மேலே இரும்பில்லாத பயோகிளாஸை, அதாவது எலும்போடு ஒட்டும் கண்ணாடியை, கரைசலைக் கூழாக்கி உலர்த்தும் சால்-ஜெல் முறையில் பூசுகிறேன். சூடு உள்ளிருந்து வருகிறது, எலும்பைத் தொடுவது வெளிப்பூச்சு மட்டும். உலரும்போது பூச்சு விரிசல் விடுகிறது. மூடிவைத்து மெதுவாக உலர்த்தினால் குறைகிறது, ஆனால் இன்னும் முழுசாக நிற்கவில்லை.