தாய்லாந்தில் உள்ளூர்க்காரர்கள் கையில் வாங்கும் சம்பளம்: நீங்கள் நேரில் பார்த்ததை எழுதுங்கள்

சோன்புரி லைன்மேன்:

தாய்லாந்தில் என்ன சம்பளம் என்று யார் கேட்டாலும் குறைந்தபட்சக் கூலியைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 400 பாட். சரி, நான் இருக்கும் சோன்புரி மாகாணத்தில் 2025 ஜனவரியிலிருந்து அதுதான். ஆனால் நான் பார்த்த ஒரு காலை மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்து இங்கே ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். லைனில் இருப்பவர்களுக்கு நாள்கூலி. 26 நாள் வந்தால் 10,400. ஞாயிறு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. இந்தக் காசில் யாரும் குடும்பம் நடத்துவதில்லை. ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, நைட் ஷிப்ட் படி, சாப்பாட்டுப் படி, அப்புறம் நம்ம ஊர் அட்டெண்டன்ஸ் போனஸ் மாதிரி ஒன்று. அதுதான் விவகாரம். ஒரு மாதம் முழுக்க லீவோ தாமதமோ இல்லாவிட்டால் 500. அடுத்த மாதமும் அப்படியே வந்தால் 700. மூன்றாவது மாதத்திலிருந்து 900. ஒரு நாள் சறுக்கினால் அந்த மாதம் ஒன்றும் கிடையாது, மறுபடி 500-லிருந்து ஏற வேண்டும்.

எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் சுரின் பக்கத்துப் பெண் ஒருவர். அன்றைக்கு நல்ல மழை, பைக்கில் வந்திருந்தார். பஞ்ச் மெஷினில் விரலை வைத்ததும் 7:33 என்று வந்தது. ஷிப்ட் 7:30. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, அதன் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தபடி நின்றார். பின்னால் வரிசை காத்திருந்தது. மறுபடி விரலை வைத்தார். ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று மெஷின் சொன்னது. மூன்றாவது முறையும் வைத்தார்.

அப்புறம் சூப்பர்வைசரிடம் என்ன செய்யலாம் என்று கேட்டேன். "அவர் 900-இல் இருந்தார்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

பட்டோங் சமையல்:

அண்ணா, நீங்கள் சொல்வது ஃபேக்டரிக் கணக்கு. பூக்கெட்டில் ஹோட்டல்காரர்களிடம் பேசிக் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பார்கள். வேலைக்குச் சேரும்போதே "சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு வருகிறது?" என்றுதான் கேட்பார்கள். பில்லில் போடும் 10 சதவீதத்தை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் பெரிய ஹோட்டல்களில் உண்டு. டிசம்பர், ஜனவரியில் அது பேசிக்கையே தாண்டிவிடும். செப்டம்பர் மழையில் பெட்ரோலுக்குத்தான் காணும்.

நான் இருந்த ரிசார்ட்டில் அந்த மாதத் தொகையை ஒரு தாளில் அடித்து ஸ்டாஃப் கேன்டீன் கதவில் ஒட்டுவார்கள். ஹவுஸ்கீப்பிங்கில் நக்கோன் சி தம்மராத் பையன் ஒருவன் மாதாமாதம் அதை போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்புவான். 2020 ஏப்ரலில் ஏர்போர்ட்டும் மூடி, ஹோட்டலையும் மூடி, காவலுக்கும் தோட்டத்துக்கும் என்று கொஞ்சம் பேர்தான் இருந்தோம். அப்போதும் தாள் ஒட்டினார்கள். அதில் 0. கம்ப்யூட்டரில் அடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்த 0. பையன் அதையும் போட்டோ எடுத்தான்.

பிறகு மச்சானோடு ரப்பர் பால் வெட்டப் போய்விட்டான். அங்கே சம்பளமே கிடையாது, பங்குதான். தோட்டக்காரருக்கு 60, வெட்டுகிறவருக்கு 40, சில இடத்தில் பாதிக்குப் பாதி. விடியுமுன் இருட்டில் வெட்ட வேண்டும். மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை. தெற்கில் மழை எவ்வளவு நாள் பெய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஊர்சுற்றி சென்னை:

எல்லாரும் அழுகிறீர்களே. நான் சமீபத்தில் பட்டாயா போயிருந்தேன். மசாஜ் ஒரு மணி நேரம் 300 பாட், மேலே டிப்ஸ் 100. தெரு முழுக்க கடை, கடை முழுக்கக் கூட்டம். ஒரு நாளைக்கு ஐந்து பேர் வந்தால் கணக்குப் போடுங்கள், நம்ம ஐ.டி. பையனைவிட அதிகம்.

சீலோம் வாசி:

சார், 300 கடைக்கு. செய்கிறவர் கைக்கு அதில் பாதிகூட வராது. எங்கள் ஆபீஸ் கட்டடத்தின் கீழேயே அப்படி ஒரு கடை. ஒரு மணிக்கு 120 என்று அங்கே இருக்கும் அக்கா ஒருவர் சொன்னார். ஆள் வராவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று உத்தரவாதம் தரும் கடைகள் இருக்கின்றன, இது அந்த ரகம் இல்லை.

காலையில் வந்ததும் ஆளுக்கு ஒரு நம்பர். நம்பர்படிதான் வாடிக்கையாளர். ஆனால் வருகிறவர் "அவர்தான் வேண்டும்" என்று வயது குறைந்தவரைக் கைகாட்டிவிட்டால் வரிசை அதோடு சரி. மதியச் சாப்பாட்டுக்கு இறங்கும்போது அந்த அக்கா ஸ்டூலில் இருந்தார். ராத்திரி வேலை முடிந்து இறங்கும்போதும் அதே ஸ்டூல், வெயிலுக்குச் சுவரோரம் தள்ளிப் போட்டது போட்டபடி. "இன்னும் ஒன்றுமில்லை" என்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். நீங்கள் பார்த்த கூட்டம் நீங்கள் போன நேரத்துக் கூட்டம்.

ஊர்சுற்றி சென்னை:

நான் பார்த்ததைத்தானே சொன்னேன். தலைப்பே அதுதான்.

பேருவளை நானா:

நான் இலங்கை, பேருவளை. ரத்தினக்கல் வியாபாரம். இங்கே சந்தபுரி ரத்தினச் சந்தைக்கு எங்கட ஆட்கள் வந்துபோவது புதிதில்லை. வெள்ளி, சனி, ஞாயிறில் அந்தத் தெருவில் மேசை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்தால் தரகர்கள் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். உலகத்து மாணிக்கத்திலும் நீலத்திலும் பெரும்பங்கு இந்த நாட்டைத் தொட்டுத்தான் போகிறது. கல்லைச் சூடாக்கி நிறம் கூட்டுவதில் இவர்களை அடிக்க ஆளில்லை.

கல் வெட்டிப் பட்டை தீட்டுகிறவரின் கூலியைச் சொல்கிறேன். அந்த வேலை வெளிநாட்டவருக்குச் சட்டப்படி தடை, தாய்லாந்துக்காரர் மட்டுமே செய்யலாம். பாதுகாக்கப்பட்ட தொழில் என்றால் காசு கொட்ட வேண்டுமே? நான் வழக்கமாகக் கொடுப்பவர் அறுபது தாண்டியவர், வீட்டு முன்னறையிலேயே சக்கரம். மறுபட்டை போட ஒரு நீலம் கொண்டுபோனேன். வாங்கியதும் கல்லைப் பார்க்கவில்லை. தராசை எடுத்து நடுவில் வைத்து, என் கண் முன்னால் நிறுத்து, எடையைத் தாளில் எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்புறம்தான் விளக்கில் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஒரு கீறல், தீட்டும்போது பிளக்கலாம் என்றார். பிளந்தால் என் பொறுப்பு என்று அதையும் எழுதச் சொன்னார்.

கூலி 400 பாட். அந்தக் கல் அவருடைய வீட்டைவிட விலை அதிகம், அது அவருக்கும் தெரியும். மகள் பாங்காக்கில் ஒரு சின்ன சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர், மாதம் பிறந்தால் காசு நிச்சயம், இந்தச் சக்கரத்துக்கு அவள் வரமாட்டாள் என்றார். கல் பிளக்கவில்லை, அருமையாக வந்தது. 400-க்கு மேல் நான் கொடுத்ததை வாங்கவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

பாங்காக் ஆலோசகன்:

என் அனுபவம் சின்னதுதான். ஒரே டீம், ஒரே வேலை, எனக்கு 65,000, பக்கத்து சீட் தாய்லாந்துப் பெண்ணுக்கு 32,000. பிரிண்டரில் யாரோ விட்டுப்போன தாளில் பார்த்தேன்.

இங்கே வேலை தேடும் தம்பிகளுக்கு முக்கியமான சில விஷயம். ஒன்று, இந்தியர்களுக்கு விசா நீட்டிக்க மாதம் 35,000 காட்ட வேண்டும், அதற்குக் கீழே யாராவது ஆஃபர் கொடுத்தால் ஓடிவிடுங்கள். இரண்டாவது, சோசியல் செக்யூரிட்டி கட்டுகிறார்களா என்று கேளுங்கள். 5 சதவீதம், அதிகபட்சம் 750 பாட்தான் பிடிப்பார்கள். வேலை போனால் அதுதான் கை கொடுக்கும். மூன்றாவது, திடீரென்று அனுப்பிவிட்டால் நஷ்டஈடு உண்டு. 120 நாள் தாண்டியிருந்தால் 30 நாள் சம்பளம், ஒரு வருஷம் தாண்டினால் 90 நாள், மூன்று வருஷத்துக்கு 180, ஆறுக்கு 240, பத்துக்கு 300, இருபதுக்கு மேல் 400 நாள். இந்த 400 என்பது 2019-இல் வந்தது. ராஜினாமா கடிதம் எழுதிக் கொடு என்று நைச்சியமாகக் கேட்பார்கள், எழுதிக் கொடுத்தால் ஒன்றும் வராது. நான்காவது, வருஷத்துக்கு 13 விடுமுறை நாள் கட்டாயம். ஐந்தாவது, போனஸ் எத்தனை மாதம் என்பதை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். தாய் மொழி கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், எச்.ஆர். மனசு இளகும். வாடகைக்கு ரயில் பாதை அருகே பாருங்கள், ஆனால் ஸ்டேஷன் வாசலிலேயே வேண்டாம், இரண்டு சந்து தள்ளினால் மூவாயிரம் மிச்சம்.

சீலோம் வாசி:

அண்ணா, இங்கே யாரும் வேலை கேட்கவில்லையே. அந்த 32,000 வாங்கின பெண் என்ன சொன்னார்? அதை எழுதுங்கள்.

பாங்காக் ஆலோசகன்:

கேட்கவில்லை. ஆனால் தம்பி, தகவல் யாருக்காவது உதவும் இல்லையா.

கோராட் டீச்சர்:

32,000 பாங்காக் ஆபீஸ் சம்பளம். அதை வைத்து நாட்டைக் கணக்குப் போடாதீர்கள். நான் கோராட் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். என் பக்கத்து மேசை உள்ளூர் டீச்சர், வருஷ ஒப்பந்தம். என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அவருக்கு இல்லை. கணிதம் எடுப்பார், காலையில் கேட்டில் நின்று பிள்ளைகளை வரவேற்பார், மதியம் சாப்பாட்டுக் கணக்கு எழுதுவார்.

இதற்கு முன்னால் ஒரு தனியார் கம்பெனியில் இதைவிட நல்ல சம்பளத்தில் இருந்தவர். அதை விட்டுவிட்டு வந்து அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். பட்டதாரி அரசு ஊழியருக்கு நீண்ட நாளாகத் தொடக்கச் சம்பளம் 15,000, 2024, 2025 என்று இரண்டு தவணையில் 18,000 அளவுக்கு ஏற்றினார்கள். இதற்கா இத்தனை பாடு என்று கேட்டேன். "என் சம்பளத்தை எதற்குப் பார்க்கிறீர்கள்? அரசு ஊழியரானால் அப்பா அம்மா மருத்துவச் செலவும் அதில் வரும்" என்றார். ஊரில் அவருடைய அப்பாவுக்கு அரசு கொடுக்கும் முதியோர் பணம் மாதம் 600 பாட். வேறு வருமானம் இல்லை.

ரிசல்ட் வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் போனில் பட்டியலைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டு வந்தார். ஏன் கீழிருந்து என்றேன். மேலே இருக்கமாட்டேன் என்று தெரியும், கீழே இருந்தாலாவது சீக்கிரம் கிடைக்கும் என்றார். பெயர் இருந்தது, ஆனால் காத்திருப்போர் வரிசையில். அந்தப் பட்டியல் இரண்டு வருஷம் உயிரோடிருக்கும், அதற்குள் கூப்பிட வேண்டும். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டார்.

உதோன் டிரைவர் தோழன்:

டீச்சர் சொன்ன 18,000-க்கு எங்கள் இசான், அதாவது வடகிழக்கு ஆட்கள் காத்திருக்கமாட்டார்கள், விமானம் ஏறிவிடுவார்கள். தைவான், கொரியா, இஸ்ரேல். பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் காட்டுப்பழம் பறிக்கக்கூடப் போவார்கள், வெயில்கால வேலை. உதோன் தானியில் எங்கள் புராஜெக்ட் வேன் ஓட்டியவர் முன்பு இஸ்ரேலில் தோட்ட வேலை பார்த்தவர், ஓ.டி.யோடு மாதம் 50,000 பாட்டுக்கு மேல். ஊரில் வேன் ஓட்டி 13,000.

2023 அக்டோபர் 7 தாக்குதலில் தாய்லாந்துத் தொழிலாளர்கள் பலர் செத்தார்கள், பலர் பணயக் கைதிகளானார்கள். ஆயிரக்கணக்கானோரை அரசு விமானம் வைத்துத் திருப்பிக் கூட்டிவந்தது. இவரும் அதில் வந்தவர். ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். தரைத்தளம் டைல்ஸ் போட்டுப் பளபளவென்று இருந்தது. மாடிக்குத் தூண் மட்டும் எழும்பி, கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கம்பி முனையில் துரு ஏறாமலிருக்க பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்திருந்தார். மாடிக்கு இன்னும் எவ்வளவு ஆகும் என்றேன். தொகையைச் சொல்லவில்லை, "இரண்டு வருஷம்" என்றார். அங்கே இரண்டு வருஷமா, இங்கேயா என்று கேட்பதற்குள் அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார்.

வேன்காரர் மறுபடி அங்கேயே போய்விட்டார்.

சோன்புரி லைன்மேன்:

போனஸ் பற்றி ஆலோசகன் அண்ணா சொன்னதில் ஒரு சேதி விட்டுப்போச்சு. வருஷக் கடைசியில் எந்தக் கார் கம்பெனி எத்தனை மாத போனஸ் என்று இங்கே பத்திரிகைகளே பட்டியல் போடும். அதைப் பார்த்து ராயோங், சோன்புரி என்றாலே தங்கச்சுரங்கம் என்று நினைக்கிறார்கள். அது நிரந்தர ஆட்களுக்கு. எங்கள் லைனில் பாதிப் பேர் ஏஜென்சி மூலம் வந்தவர்கள், சட்டை நிறமே வேறு. அந்தச் சட்டைக்குப் பட்டியலில் இடமில்லை.

அப்புறம் எல்லாருக்கும் 400 என்றும் எழுதாதீர்கள். பாங்காக்கில் 2025 ஜூலையில்தான் 400 ஆனது, அதுவரை 372. தெற்கே பத்தானி, யாலா, நராதிவாத்தில் 2025-இல் 337. அதுவும் சம்பளம் தரும் முதலாளி இருந்தால்தான். வண்டிக்கடை, பைக் டாக்சி, வயல் என்று இருப்பவர்கள் நாட்டில் உழைப்பவர்களில் பாதிக்கு மேல், அவர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது.

எச்ஆர் ரத்தினா:

சோசியல் செக்யூரிட்டிக்கு 750 என்பது பழைய கணக்கு, ஆலோசகன் சார். 2026 ஜனவரியிலிருந்து அந்த 5 சதவீதத்தைக் கணக்கிடும் சம்பள உச்சவரம்பு 15,000-லிருந்து 17,500 ஆகிவிட்டது, பிடித்தம் 875 வரை போகும். எங்கள் கம்பெனியில் ஜனவரி ஸ்லிப் வந்த அன்று என் மேசைக்கு முன்னால் ஒரு கூட்டம், 125 பாட் எங்கே என்று. சர்குலரைக் காட்டினேன். பேக்கிங்கில் இருக்கும் அம்மா படித்துவிட்டு, கம்பெனியும் அதே 125 கூடுதலாகக் கட்டுகிறதா என்று கேட்டார். கட்டுகிறது என்றேன். ரசீதைக் காட்டு என்றார்.