வாட்டர் பிளாக்கை நாமே செய்வது: செம்பில் அறுக்கும் பள்ளங்களா, அலுமினியத்தில் போடும் துளைகளா?

நாகர்கோவில் மில்லிங்:

கணினிச் செயலியின் மேல் அமர்ந்து, உள்ளே ஓடும் தண்ணீரால் அதன் வெப்பத்தை எடுக்கும் வாட்டர் பிளாக்கை வெளியூரிலிருந்து வரவழைக்காமல், கோணம் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பட்டறைகளில் உள்ள மில்லிங் எந்திரத்திலேயே தரமாகச் செய்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. மின்பலகை செய்பவர்களிடம் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் தடிமன் செம்பு பஸ்பாரில் (மின்சாரம் கடத்தும் பட்டையில்) 60க்கு 60 அளவில் ஒரு துண்டு போதும். அதன் நடுவே 30க்கு 30 பரப்பில், 0.5 மில்லி அகலமும் 4 மில்லி ஆழமும் உள்ள பள்ளங்களை, இடையில் 0.5 மில்லி சுவர் நிற்கும்படி ஸ்லிட்டிங் சாவால் (மெல்லிய வட்ட ரம்பத்தால்) அறுக்க வேண்டும். மேலே அக்ரிலிக் மூடி, இரண்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங். பொருத்தும் தகட்டைத் தனியாகச் செய்வது நல்லது. இன்டெல் செயலிகள் பொருந்தும் எல்ஜிஏ 1200 சாக்கெட்டில் 75 மில்லியாக இருந்த துளை இடைவெளி எல்ஜிஏ 1700இல் 78 மில்லியாக மாறிவிட்டதால், சாக்கெட் மாறும்போது தகட்டை மட்டும் மாற்றினால் போதும்.

குளச்சல் இன்ஜின்:

இந்த வடிவமைப்பை நான் ஏற்கவில்லை, அண்ணாச்சி. செம்பு கத்தியில் ஒட்டிக்கொண்டு இழுபடும் உலோகம். அரை மில்லி சா அதில் சிக்கி உடைந்தால் வேலையும் போகும், செம்பும் போகும். அலுமினியக் கட்டையில் 8 மில்லி துளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, வேண்டாத வாய்களைத் திருகால் அடைத்தால் தண்ணீர் வளைந்து வளைந்து ஓடும்; டிரில்லிங் எந்திரம் ஒன்றே போதும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு டிகிரிக்கு 390 வாட் அளவில் இருக்க, 6061 வகை அலுமினியத்துக்கு 167தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் 150 வாட் வெப்பம் 30க்கு 30 பரப்பில் 5 மில்லி தடிமனைக் கடக்கும்போது, செம்பில் சுமார் 2 டிகிரியும் அலுமினியத்தில் 5 டிகிரியும்தான் வேறுபாடு வரும். அந்த 3 டிகிரிக்காக இவ்வளவு சிரமம் தேவையா? மேலும், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் 8 மில்லி துளையில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா, சுழல்வதா என்று காட்டும் அளவு) 6,000ஐத் தாண்டிவிடும். அது நல்ல சுழலோட்டம். சுவரிலிருந்து வெப்பத்தை அது நன்றாகவே வாங்கும்.

நாகர்கோவில் மில்லிங்:

சுழலோட்டம் பற்றி நீங்கள் சொல்வது சரி. உங்கள் துளையிலும் என் பள்ளத்திலும் வெப்ப மாற்றக் கெழு (சுவரிலிருந்து தண்ணீர் வெப்பத்தை வாங்கும் அளவு) ஏறத்தாழ ஒன்றுபோலவே, சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 4,000 வாட் அளவில் வருகிறது. வேறுபாடு பரப்பில்தான் இருக்கிறது. செயலிக்கு நேர் மேலே உள்ள 30க்கு 30 சதுரத்தில் உங்கள் 8 மில்லி துளைகள் மூன்றுதான் அடங்கும். அவற்றின் உட்பரப்பு சுமார் 2,260 சதுர மில்லி. அதே சதுரத்தில் முப்பது பள்ளங்கள் தரும் பரப்பு 7,650. துடுப்பின், அதாவது பள்ளங்களுக்கு இடையே நிற்கும் சுவரின், நுனிவரை வெப்பம் முழுதாக ஏறாது என்று கழித்தாலும் இரண்டரை மடங்குக்கு மேல் மிஞ்சும். 1981இல் ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மனும் பீஸும் சிலிக்கனில் நுண்பள்ளம் அறுத்து, ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து 790 வாட் வெப்பத்தை எடுத்துக் காட்டியது இந்தப் பள்ள வழியால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பம்ப் சோர்ந்து, ஓட்டம் நிமிடத்துக்கு முக்கால் லிட்டருக்குக் கீழே போனால் உங்கள் துளையில் சுழலோட்டம் நின்று, கெழு சரிந்துவிடும். குறுகிய பள்ளத்தில் ஓட்டம் முதலிலிருந்தே சீரானது. அதன் கெழு வேகத்தை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. பள்ளம் குறுகினால் அழுத்தம் கூடுமே என்ற அச்சமும் இங்கே பொருந்தாது. 2 லிட்டர் ஓட்டத்தில் பள்ளங்களுக்குள் இழப்பது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் நீர் உயரம்தான்.

தக்கலை மாணவி:

இருவர் கணக்கையும் படித்தேன். ஆனால் அறுக்கும் முறையில் ஒரு சிக்கல் பேசப்படாமலே இருக்கிறது. 63 மில்லி விட்டமுள்ள சா 4 மில்லி ஆழம் இறங்கினால், பள்ளத்தின் இரு முனைகளிலும் 15 மில்லி நீளத்துக்கு வளைந்து ஏறித்தான் வெளியே வரும். முழு ஆழம் 30 மில்லி வேண்டுமென்றால் மொத்த வெட்டு 60 மில்லி, அதாவது தகட்டின் விளிம்புவரை ஓடிவிடும். அப்படியானால் ஓ-ரிங் எதன்மேல் உட்காரும்? ஆகவே பள்ளம் அறுப்பதற்கு முன்பே, நடுவில் 30க்கு 30 மேடு ஒன்றை விட்டுவிட்டு, சுற்றியுள்ள பகுதி முழுவதையும் 4 மில்லி இறக்கிவிட வேண்டும். பிறகு சா மேட்டை மட்டும் அறுத்துக்கொண்டு நேராக மறுபக்கம் போய்விடும். ஓ-ரிங் வெட்டுப்படாத கீழ்த்தளத்தில் அமரும். மேடு நுழையும் அளவுக்கு மூடியின் உள்ளே குடைய வேண்டும்.

குளச்சல் இன்ஜின்:

மேட்டு யோசனை நல்லது. ஆனால் 322 கிராம் துண்டில் ஏறத்தாழ 97 கிராம் செம்பு அதற்காகவே தூளாகப் போகும். அதைவிடப் பெரிய கேள்வி, சூடான தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டர். பழைய கார்களிலிருந்து நமக்கு எளிதில் கிடைப்பது அலுமினிய ரேடியேட்டர்தான். அதோடு செம்பு பிளாக்கை ஒரே தண்ணீரில் இணைத்தால் அலுமினியம் அரிக்கப்படும். மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும்படி, வள்ளத்தின் அடியில் துத்தநாகத் துண்டு பொருத்துவது ஏன் என்று எங்கள் கடற்கரையில் தொழில் செய்யும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நாகர்கோவில் மில்லிங்:

அந்த எச்சரிக்கையை முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் செம்பு, பித்தளையில் செய்த பழைய வகை ரேடியேட்டர் அல்லது ஹீட்டர் கோரை மட்டுமே தேட வேண்டும் என்கிறேன். இன்ஜின் கூலண்ட் ஊற்றினால் செம்பும் அலுமினியமும் சேர்ந்திருந்தாலும் தாங்கும் என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அதிலுள்ள அரிப்புத் தடுப்பு மருந்து நாளடைவில் தீர்ந்துபோகும். கூலண்டில் உள்ள கிளைகால் (glycol) கலந்த நீர் வெப்பத்தைச் சுமப்பதிலும் வெறும் நீருக்கு ஈடாகாது. கடலோரத்து போர் தண்ணீரை எந்த உலோகத்திலும் ஊற்றக் கூடாது. பேட்டரிக் கடையில் விற்கும் வடிநீரே வேண்டும்.

தக்கலை மாணவி:

அலுமினியத்தின் குறைபாடு அடித்தட்டோடு நிற்பதில்லை. அரை மில்லி துடுப்பைச் செம்பில் செய்தால் திறன் 80 விழுக்காட்டுக்குச் சற்று மேலே இருக்கும். 6061இல் 70க்குக் கீழே இறங்கும். எனவே துடுப்பு மெலிந்தால் செம்பு, துளை என்றால் அலுமினியம் என்று வடிவமும் உலோகமும் ஒன்றையொன்று தீர்மானிக்கின்றன.

குளச்சல் இன்ஜின்:

செம்பு ரேடியேட்டர் கிடைத்தால் செம்பு பிளாக்குக்கு நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. ஆனாலும் பள்ளத்தை 0.8 மில்லியாக அகலப்படுத்துங்கள் என்பதில் உறுதியாக இருக்கிறேன். பழைய ரேடியேட்டரிலிருந்து உதிரும் துரு அரை மில்லி வாயில் அடைத்தால், அதைக் கண்டுபிடிக்கும் முன் செயலி சுட்டுவிடும்.

நாகர்கோவில் மில்லிங்:

அதற்குப் பள்ளத்தை அகலப்படுத்துவதைவிட, பிளாக்குக்கு முன்னால் மெல்லிய வலை வடிகட்டி வைப்பதே சரியான தீர்வு. பரப்பை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. அறுக்கும்போது மண்ணெண்ணெய் தாராளமாக ஊற்றி, சா மெதுவாகச் சுழலும்படி வைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் பிசிறை நீக்கினால் செம்பு இழுபடாது. அடிப்பக்கத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் 400, 800, 1200 எண் உப்புத்தாளில் வரிசையாகத் தேய்க்க வேண்டும். ரேடியேட்டரைத் தனியாகப் பல முறை அலசிய பிறகே இணைக்க வேண்டும். மூடியைத் திருகியதும் சைக்கிள் பம்பால் 0.5 பார் அளவு மட்டும் காற்றடைத்து, வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அதைக் கடந்த பிளாக்கைத்தான் கணினிக்குள் வைக்க வேண்டும்.