மீட்டர் 1.1 காட்டுகிறது, சென்னைக்கு மட்டும் என் குரல் கேட்பதில்லை

கித்தாக்காட்டான்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடு, ஹாம் ரேடியோ வைத்திருக்கிறேன். வீட்டு முகட்டுக்கும் ரம்புத்தான் மரத்துக்கும் நடுவே 40 மீட்டர் அலைப் பட்டைக்கான டைபோல் (நடுவில் கேபிள் இணையும் இருபக்கக் கம்பி அன்டெனா), பக்கத்துக்கு 10 மீட்டர் கம்பி, கீழே ரேடியோ வரைக்கும் 30 மீட்டர் ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிள். 7.1 மெகாஹெர்ட்ஸில் ஒரு குறையும் இல்லை. அதே கம்பியில் ட்யூனரைப் போட்டு 14 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் எஸ்.டபிள்யூ.ஆர் (அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) 1.1 என்கிறது, சாயங்காலத்தில் சென்னை ஆட்கள் பேசுவது பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி கேட்கிறது, ஆனால் 100 வாட்டில் நான் கூப்பிட்டால் ஒருவரும் பதில் தருவதில்லை. ட்யூனர்தான் பாதி பவரை விழுங்குகிறது, 1,200 வெள்ளி (ரிங்கிட்) போட்டு நல்லதாக வாங்கு என்கிறார் ஈப்போ நண்பர். வாங்கலாமா?

பழைய கிராணி:
வெள்ளி பையிலேயே இருக்கட்டும் தம்பி. பெயர்தான் அன்டெனா ட்யூனர், அது அன்டெனாவைத் தொடுவதே இல்லை. ரேடியோவுக்கு 50 ஓம் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது, அதற்கு மேலே கேபிளில் நடப்பது நடந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் டைபோல் 14 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழு அலைநீளம், அதன் நடுவில் ஆயிரக்கணக்கான ஓம் நிற்கும். அங்கே எஸ்.டபிள்யூ.ஆர் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் ஆர்ஜி-58 எல்லாம் பொருந்தியிருந்தாலே சுமார் 1.7 டெசிபெல் தின்னும், 60-ல் கணக்குப் போட்டால் 11 டெசிபெல். அதாவது 100 வாட்டில் மேலே போய்ச் சேர்வது 8 வாட்.

வேடிக்கை இதுதான்: திரும்பி வரும் அலையையும் கேபிளே தின்றுவிடுவதால் கீழே இருக்கும் ட்யூனருக்கு அந்த 60 தெரியாது, 5 தான் தெரியும். அதனால்தான் அவ்வளவு சுலபமாக 1.1-க்கு வந்தது. கேபிள் எவ்வளவு மட்டமோ மீட்டர் அவ்வளவு அழகு.

கித்தாக்காட்டான்:
சரி, 90 வாட் கேபிளில் போனால் அது சுட வேண்டாமா? தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருக்கிறது. அப்புறம் கேட்பது மட்டும் எப்படி நன்றாகக் கேட்கிறது?

பழைய கிராணி:
90 வாட்டை 30 மீட்டருக்குப் பிரித்தால் மீட்டருக்கு 3 வாட், பேச்சில் சராசரி அதைவிடக் குறைவு. கைக்கு எங்கே தெரியும்? கேட்பதிலும் அதே 11 டெசிபெல் போகத்தான் செய்கிறது. ஆனால் நம் ஊர் இடி மின்னல் இரைச்சலும் அதே கம்பி வழியாக வந்து அதே அளவு குறைகிறது, அதனால் குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம் மாறுவதில்லை. அனுப்பும்போது அந்தச் சலுகை கிடையாது.

செம்புக்கம்பி:
கிராணி ஐயா கணக்கு சரி, ஆனால் ட்யூனரை ஒரேயடியாக உத்தமனாக்க வேண்டாம். ஒரு தடவை 80 மீட்டர் பட்டையில் குட்டைக் கம்பியை டி-வகை ட்யூனரில் (இரண்டு கபாசிட்டர், நடுவில் ஒரு காயில்) கட்டி 100 வாட் விட்டேன், மீட்டர் 1.0, ஐந்து நிமிஷத்தில் பெட்டிக்குள் பிளாஸ்டிக் வாடை, காயில் தாங்கி உருகியிருந்தது. டி-வகையில் ஒரே 1.0 பல இடத்தில் கிடைக்கும். இரண்டு கபாசிட்டரும் முடிந்த அளவு பெரிதாக, காயில் முடிந்த அளவு சிறிதாக இருக்கும் இடம்தான் நல்ல இடம். ஒரு காயில், ஒரு கபாசிட்டர் மட்டும் உள்ள எல்-வகையில் இந்தத் தொல்லை குறைவு. கேபிள் சுடாது, ட்யூனர் சுடும். பேசி முடித்ததும் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அதே நடுப்புள்ளியில் 20 மீட்டர் பட்டைக்கு, பக்கத்துக்கு 5 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இரண்டு கம்பி கட்டுங்கள், நுனிகளைப் பெரிய கம்பியிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இறக்கி, மீட்டரைப் பார்த்து வெட்டிக்கொண்டே வாருங்கள். இதற்கு ட்யூனரே வேண்டாம். எல்லா பட்டையிலும் பேசத்தான் வேண்டும் என்றால் கோஆக்ஸைத் தூக்கிவிட்டு, பிவிசி குழாய்த் துண்டுகளை இடையில் வைத்து இரட்டைக் கம்பி லைன் இழுங்கள், கீழே பாலன் (இரட்டைக் கம்பியை ட்யூனரோடு சேர்க்கும் சின்ன மின்மாற்றி), அப்புறம் ட்யூனர். அதில் 60 வந்தாலும் இழப்பு கொஞ்சம்தான். தகரக் கூரைக்கு ஒட்டி மட்டும் ஓட்டாதீர்கள்.

கித்தாக்காட்டான்:
கம்பி வீட்டிலேயே கிடக்கிறது. ட்யூனரைத் தொட்டேன், லேசான சூடு கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் ஏறிக் கட்டிவிடுகிறேன், அதற்கப்புறம் இங்கே இடி ஆரம்பித்துவிடும். ஈப்போ நண்பரிடம் யார் சொல்வது?