சொட்டு மருந்து விட்டதும் பாப்பாவுக்குத் தலை சுத்துது

பொண்ணுக்கு ஆறு வயசு. காது வலிக்கு டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து நேரா விட்டேன். "அம்மா, வீடு சுத்துது"ன்னு கட்டிலைப் பிடிச்சுக்கிட்டா. பதறிட்டேன்.

பதில்: மருந்து சில்லுன்னு இருந்தா உள்காது நீர் அசைஞ்சு தலை சுத்தும்மா. பாட்டிலை 2 நிமிஷம் உள்ளங்கையில பொத்தி வெச்சுக்கோங்க, அடுப்புல காட்டாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, காது மடலை மேலே, பின்பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு மருந்தை விடுங்க. 3 வயசுக்குள்ளன்னா கீழ்ப்பக்கமா. காது துவாரத்துக்கு முன்னால இருக்கிற சின்ன மேட்டை மெல்ல அமுக்கிட்டு 5 நிமிஷம் படுக்கட்டும்.

பதில்: சீழ் வடியுதா? செவிப்பறையில ஓட்டை இருந்தா சில மருந்து காது கேட்கிறதையே கெடுத்திடும். டாக்டர்கிட்ட கேட்டுட்டு விடுங்க.

கேட்டவர்: சீழ் இல்லக்கா. ராத்திரி கையில பொத்தி வெச்சு விட்டேன், சுத்தலை. அப்படியே தூங்கிட்டா.