நீராவிக் குழாய் கேட் வால்வில் கிளாண்ட் கசிவு: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சாயப்பட்டறையில், பாய்லரிலிருந்து வரும் முதன்மை நீராவிக் குழாயில் உள்ள 6 அங்குல கேட் வால்வின் ஸ்பிண்டிலை, அதாவது ஹேண்ட்வீலோடு இணைந்த தண்டைச் சுற்றி நீராவி மெல்லச் சீறிக்கொண்டிருக்கிறது. ஸ்பிண்டிலைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் வளையங்களை அழுத்திப் பிடிக்கும் கிளாண்ட் ஒரு பக்கம் சாயாதபடி இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கியும் கசிவு நிற்கவில்லை. மேலும் இறுக்கினால் ஸ்பிண்டில் பிடித்துக்கொள்கிறது. கிராஃபைட் பேக்கிங் கெட்டிப்பட்டுவிட்டது என்றே கருதுகிறேன்.

வால்வை முழுவதும் திறந்து பேக்சீட்டில் (ஸ்பிண்டில் மேலே வந்து அமர்ந்து, பேக்கிங் பக்கம் நீராவி வராமல் தடுக்கும் உலோக முகப்பு) அமர்த்திவிட்டால், பாய்லரை நிறுத்தாமலேயே பேக்கிங்கை மாற்றலாம் என்று சிலர் கூறுகிறார்கள். அந்த உலோக முகப்பு சரியாக அமர்ந்துவிட்டதா என்பதை வெளியிலிருந்து உறுதிசெய்ய இயலாதபோது, அழுத்தமுள்ள குழாயின் முன் ஒரு தொழிலாளியை நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. எனவே பாய்லரை நிறுத்தி, குழாயின் அழுத்தத்தை முழுவதும் வடித்த பின்னரே வேலையைத் தொடங்குவோம்.

ஸ்பிண்டிலில் கீறல் விழாமல் பழைய வளையங்களை எடுக்க எந்தக் கருவி ஏற்றது? மேலும், சூட்டில் இறுக மூடிய வால்வு ஆறியபின் வழியை அடைக்கும் அதன் ஆப்பு வடிவத் தகடு, தான் அமரும் சீட்டில் சிக்கிக்கொள்கிறது. ஹேண்ட்வீலில் பைப் மாட்டித் திருப்பினால் ஸ்பிண்டில் வளைந்துவிடும் என்பதால் அதை நான் அனுமதிப்பதில்லை. இதற்கு உங்கள் ஆலைகளில் கையாளும் முறையைத் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.